நடக்க வேண்டிய உருவம் ஏன் வழுக்குகிறது?

சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “தொடக்கநிலை 4 படிக்கும் என் மகள் 60 தாள்களில் ஒருவர் நடப்பதைப் போல ஃபிளிப் புக் (வேகமாகப் புரட்டினால் படம் அசைவதுபோல் தோன்றும் தாள்கட்டு) வரைந்தாள். புரட்டினால் உருவம் நடுங்குகிறது. ஈரத் தரையில் வழுக்குவது போல நகர்கிறது. படியெடுக்க உதவும் ஒளிப்பலகையும் உபகரணப் பெட்டியும் அடங்கிய 380 வெள்ளி வகுப்பில் சேர்த்தால்தான் சரியாகும் என்று அருகிலுள்ள நிலையத்தில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?”

சேர்க்க வேண்டாம். உங்கள் மகளின் படத்தில் இரண்டு குறைகள் உள்ளன. இரண்டையும் வீட்டிலேயே திருத்திவிடலாம்.

ஒவ்வொரு தாளிலும் கண்ணளவில் இடம் பார்த்து வரைவதால் நடுக்கம் வருகிறது. தாள்களை ஓரம் தட்டிச் சமன்செய்து, இடப்பக்கத்தைக் கிளிப்பால் இறுக்குங்கள். கடைசித் தாளில் முதல் படத்தை வரைந்து, அதன்மேல் அடுத்த தாளை விட்டால் கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்தே அடுத்த படத்தை வரைய வேண்டும். புரட்டுவதும் கடைசித் தாளிலிருந்துதான். எல்லாத் தாள்களிலும் தரைக்கோடு ஒரே உயரத்தில் இருக்கட்டும். கிளிப்பும் விரல்களும் மறைக்கும் இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தில் வரையச் சொல்லுங்கள்.

வழுக்கலுக்குக் காரணம் கால். பிள்ளைகள் பெரும்பாலும் உருவம் முழுவதையும் சிறிது முன்னே தள்ளிவிட்டு, கால்களைத் தனியாக மாற்றி வரைகிறார்கள். உண்மையில், ஊன்றிய கால் மறுகால் தரையைத் தொடும்வரை இருந்த இடத்திலேயே இருக்க, உடல்தான் அதைக் கடந்து செல்கிறது. கட்டைவிரல் நொடிக்கு ஏறத்தாழ 12 தாள்களை விடுவதாகவும், நாம் நொடிக்கு இரண்டடி வைப்பதாகவும் கொண்டால், ஓரடிக்கு 6 தாள்கள். 1, 7 ஆகிய படங்களில் கால்கள் அகன்றிருக்கும், தலை தாழ்ந்திருக்கும்; 4-ஆம் படத்தில் கால்கள் ஒன்றையொன்று கடக்கும், தலை உயர்ந்திருக்கும். இவற்றை முதலில் தனித்தாளில் வரைந்து பார்த்துவிட்டு இடைப்பட்டவற்றை நிரப்ப வேண்டும். வலக்கால் முன்னே வரும்போது இடக்கை முன்னே வரும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 60 தாள்களில் பத்தடி நடக்கச் சிறிய தாளில் இடமிருக்காது என்பதால், உங்களுக்கு அதுதான் பயன்படும். உருவத்தைத் தாளின் நடுவிலேயே நிறுத்திப் பின்னணியை நகர்த்தினால், ஊன்றிய கால் அசையாமல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் ஒரே அளவு பின்னே போக வேண்டும். கால் 3 மில்லிமீட்டர் பின்னே போனால், தரையோடுகளுக்கு இடையிலுள்ள கோடும் 3 மில்லிமீட்டர் பின்னே போக வேண்டும். அது 2 ஆனாலும் 4 ஆனாலும் மீண்டும் வழுக்கும். அருகில் நிற்கும் கீழ்த்தளத் தூணுக்கும் அதே அளவுதான், தொலைவிலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மட்டும் அதைவிடக் குறைவாக நகரும்.

ஒளிப்பலகை நல்ல கருவிதான், ஆனால் இந்த வேலைக்குத் தேவையில்லை. 1868-இல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து ஃபிளிப் புக்குக்குத் தாளும் கட்டைவிரலும் போதுமானவையாக இருந்திருக்கின்றன. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள நகல்தாளைப் பகலில் சன்னல் கண்ணாடியில் ஒட்டினாலே அடியிலுள்ள கோடு தெரியும். சில பெட்டிகளில் படங்களை முன்கூட்டியே அச்சிட்டுத் தருகிறார்கள். பிள்ளை வண்ணம் மட்டும் தீட்டிவிட்டு, அசைவைப் பற்றி எதுவும் கற்காமல் வீடு திரும்புகிறது. திறமையின் அடிப்படையில் உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கான படத்தொகுப்பில் இதைச் சேர்க்கலாம் என்றும் உங்களிடம் சொல்வார்கள். அந்த விண்ணப்பம் தொடக்கநிலை 6-இல்தான் வருகிறது. பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு வரைந்ததைக்கூடச் சேர்க்கைக்கான முதலீடாகப் பார்க்க நம்மைப் பழக்கிவிட்ட இந்த ஏற்பாட்டைக் கண்டு நான் சலித்துப்போயிருக்கிறேன். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் இத்தகைய வகுப்புகள் விற்கப்படுகின்றன.

செலவு செய்வதானால் தாள் வெட்டுவதற்குச் செய்யுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் சமமாக இருக்காது; இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்து விழுந்து அசைவு தாவும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் உள்ள அச்சுக்கடையில், வரைவதற்கு முன்பே, சற்றுத் தடித்த 100 கிராம் தாளை இயந்திரத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு 12 தாள்களை மட்டும் வரைந்து புரட்டிப் பார்க்கட்டும். கால் சரியாக ஊன்றுகிறதென்றால், நடுவிலேயே நடக்கும் உருவத்தை மீதி 48 தாள்களிலும் அந்த 12 தாள்களை அடியில் வைத்தே படியெடுத்துவிடலாம். பின்னணியை மட்டும் புதிதாக வரைந்தால் போதும்.