சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: என் தம்பிக்கு 32 வயது. பல வருடங்களாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். இப்போது குளோசபைன். குடிப்பழக்கமும் இருந்ததால் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். வெளியே வந்து ஐந்து மாதம் தொடவே இல்லை. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து குடித்துவிட்டான். குடியோடு மாத்திரை சேரக் கூடாது என்று பயந்து அம்மா அந்த மூன்று நாளும் மாத்திரையைக் கொடுக்கவில்லை. நேற்றிலிருந்து குடிக்கவில்லை, ஆனால் தூக்கமே இல்லை. மாத்திரையை மறுபடி கொடுக்கலாமா? சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கும் மருந்து இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இவ்வளவு சிகிச்சையும் வீண்தானா?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். இன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். அவரிடம் கேட்காமல் பழைய அளவைக் கொடுக்க வேண்டாம். குளோசபைன் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் அந்த மருந்துக்கு உடம்பு பழகியிருந்தது போய்விடும். திடீரென முழு அளவு உள்ளே போனால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்புகூட வரலாம். அதனால் வழக்கமாக 12.5 மில்லிகிராமில் தொடங்கி மறுபடி மெல்ல ஏற்றுவார்கள். கடைசி மாத்திரை எப்போது, கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தூக்கமின்மைக்கு இங்கே இரண்டு காரணங்கள் இருக்கலாம். குளோசபைன் திடீரென நின்றாலே தூக்கம் போகும், வியர்க்கும், நோயில் காதில் கேட்ட பழைய குரல்கள் திரும்பும். குடி நின்றதும் இன்னொரு காரணம். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் வரும். இதைப் பார்த்து, அது பழைய நோய்தான் என்று குடும்பத்தார் வீட்டிலேயே வைத்திருந்துவிடுகிறார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். மனச்சிதைவில் குரல் கேட்கும்போதும் தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்பது பெரும்பாலும் தெரியும். குடி நின்றதால் வரும் குழப்பத்தில் அது தெரியாது. இல்லாத பூச்சிகள் கண்ணில் தெரியும், காய்ச்சலும் நடுக்கமும் இருக்கும். அப்படியானால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேசினாலும், ஏதாவது செய்துகொள்ளச் சொல்லிக் குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலும் அதேதான்.

அம்மாவைத் திட்டாதீர்கள். பயத்தில் பலர் செய்வதுதான் இது. ஆனால் குடித்த நாளில் மாத்திரையே வேண்டாம் என்ற முடிவால் குடியோடு சேர்ந்து மனநோயும் தலைதூக்குகிறது. எல்லா மாத்திரைக்கும் ஒரே விதி கிடையாது. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. லித்தியம் என்ற மனநிலை மருந்து சாப்பிடுபவர் குடித்து வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறிவிடலாம். குளோசபைனும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் கூடும், ஆனால் பல நாள் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். ஆகவே குடித்துவிட்டால் எந்த மாத்திரை, எந்த அளவு, எப்போது அழைக்க வேண்டும் என்பதை நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாப்பாட்டில் கலப்பது. தயவுசெய்து வேண்டாம். அந்தத் தெரிந்தவர் சொல்வது அநேகமாக டைசல்ஃபிரம் என்ற மருந்தாக இருக்கும். மது உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேலும் சிதைய விடாமல் அது தடுக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று போகும். உயிரே போன சம்பவங்கள் உண்டு. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை தொடரலாம். விஷயம் தெரியாத மனிதர் குடிக்கத்தான் செய்வார். அதோடு, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கூட்டி மனநோயையும் கிளறிவிடக்கூடியது அது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் அடிக்கடி வருவது. அது இல்லை என்று அவருக்குப் புரியவைக்கப் பாடுபட்ட வீட்டிலேயே அது நிஜமாக நடந்தால், அதற்குப் பிறகு உங்கள் கையால் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவாரா?

அவருக்குத் தெரிந்தே கொடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன், குடிக்கும் ஏக்கத்தையும் குடியில் கிடைக்கும் கிளர்ச்சியையும் குறைக்கிறது. ஈரலைப் பரிசோதித்துவிட்டுத் தருவார்கள், ஓபியாய்டு வகை வலி மருந்து சாப்பிடுபவருக்குத் தர மாட்டார்கள். இன்னொன்று அகாம்ப்ரோசேட். அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் பொதுவாக மனநோய் மருந்துகளோடு சேர்த்தே கொடுக்க முடியும். ஆனாலும் இரண்டு நோயும் உள்ளவர்களுக்கு இவற்றை யாரும் எழுதித் தராமலே விட்டுவிடுவது உண்டு. நீங்களே கேளுங்கள்.

வீணா என்று கேட்டீர்கள். இல்லை. கடுமையான மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்து இருந்தவர்களை அமெரிக்காவில் பத்து வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. முழுதாக நிறுத்தியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் முதல் வருடத்திலேயே மறுபடி தொட்டார்கள். மொத்தக் காலத்தில் மூன்றில் இருவர். இவர்கள் எல்லோரும் மனவுறுதி இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நோயும் வருடக்கணக்கில் கூடவே வருபவை. குடிக்கான சிகிச்சையைத் தொடராமல் விட்டவர்கள்தான் அதிகம் சறுக்கினார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மையத்திலிருந்து வந்த பிறகு உங்கள் தம்பி குடிக்காக யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தாரா? பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகிறது. குடிக்கு ஓரிடம், மனநோய்க்கு ஓரிடம் என்று பிரித்து வைத்தால், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் தம்பி சிகரெட் பிடிப்பவரா? சிகரெட் புகை, குளோசபைனை ஈரல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். மையத்தில் புகைக்க விடாமல் வைத்திருந்தால், அங்கே சரியாக இருந்த அதே அளவு மாத்திரை, வெளியே வந்து சிகரெட் தொடங்கியதும் போதாமல் போகும். குரல்கள் மெல்ல ஏறும், தூக்கம் குறையும், அதை அடக்க அவர் குடியைத் தேடுவார். வீட்டில் எல்லோரும் குடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் அவரிடம் "ஏன்டா குடிச்சே?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: மௌனம். முதல் நாள் குடித்ததற்கு முந்தைய வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். இரவு எத்தனை மணிக்குப் படுத்தான், யாரைப் பார்த்தான், கையில் பணம் எப்போது வந்தது, குரல் கேட்டதா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா. பல வீடுகளில் குடிக்கு மூன்று நான்கு நாள் முன்பே தூக்கம் கெட்டிருப்பது இப்படித்தான் தெரியவருகிறது. அப்புறம் இன்னொரு கேள்வியையும் விடாமல் கேளுங்கள்: மூன்றாவது நாளோடு நிறுத்தினானே, எப்படி நிறுத்தினான்? அவன் சொல்லும் காரணம் சின்னதாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உதவப்போவது அதுதான். ஒரு முறை குடித்ததும் "இனி என்ன, எல்லாம் போச்சு" என்று தோன்றுவதுதான் மூன்று நாளை மூன்று மாதமாக்குகிறது.

குடியை விட்டவர்கள் கூடும் குழுக்களுக்குத் தாராளமாகப் போகட்டும். ஆனால் அங்கே யாராவது மனநோய் மாத்திரையும் போதைதான் என்று சொன்னால் கேட்க வேண்டாம். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே தன் உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

குளோசபைன் சாப்பிடுபவர் எப்படியும் ரத்தப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி விட்டதால் இனி எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே நாளில் ஈரல் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடியைப் பற்றிப் பேசவும் அன்றைக்கே பத்து நிமிடம் கேளுங்கள். தம்பி தனியாக உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.