திருநெல்வேலி டவுன் என்று கொடுத்தால் மட்டும் நிரல் ஏன் முறிகிறது?

கேள்வி இதுதான்: ஊர்ப் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, தலைக்கு ஆகும் பஸ் கட்டணம் ஆகிய மூன்றையும் கட்டளை வரியில் வாங்கி, மொத்தத் தொகையைச் சொல்லும் பைத்தான் நிரல். ‘பாளையங்கோட்டை 3 12’ என்றால் 36 வருகிறது. ‘திருநெல்வேலி டவுன் 3 12’ என்றால் வேல்யூ எரர் (ValueError), அதாவது கொடுத்த மதிப்பு செல்லாது என்ற பிழை.

தம்பி, கணக்கில் கை வைக்காதீர்கள். நிரலின் முதல் வரியிலேயே கட்டளை வரியில் கொடுத்தவை வந்து சேரும் சிஸ் ஆர்க்வி (sys.argv) பட்டியலை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். நிரலின் பெயர், ‘திருநெல்வேலி’, ‘டவுன்’, ‘3’, ‘12’ என்று ஐந்து உறுப்புகள் இருக்கும். இட எண்கள் 0இல் தொடங்குவதால் 2ஆம் இடத்தில் நீங்கள் எதிர்பார்த்தது 3. அங்கே உட்கார்ந்திருப்பதோ ‘டவுன்’. அதை முழு எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் என்ன செய்யும்?

இடைவெளி கண்ட இடத்தில் வெட்டியது உங்கள் நிரல் அல்ல, டெர்மினலில் நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி நிரலை இயக்கும் ஷெல். நிரலின் கைக்கு வரும்போதே துண்டுகள்தான் வருகின்றன. ஊர்ப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் ஒரே துண்டாக வரும். ஒற்றை மேற்கோள் லினக்ஸில் செல்லும். விண்டோஸின் பழைய கருப்புத் திரையில் (cmd) செல்லாது. எங்கள் ஊர்க்காரர் யாராவது சோதித்திருந்தால் வெறுமனே ‘டவுன்’ என்றுதான் அடித்திருப்பார், இந்தச் சிக்கல் கண்ணிலேயே பட்டிருக்காது. நீங்கள் முழுப் பெயரையும் அடித்தது நல்லதாயிற்று.

பாளையங்கோட்டையில் மாணவர்களுக்கு இதே பயிற்சியைக் கொடுக்கும்போது அதிகம் பார்ப்பது வேறொரு கூத்து. பட்டியலில் இருப்பவை எல்லாமே சரங்கள், அதாவது வெறும் எழுத்துத் தொடர்கள், எண்ணாகத் தெரிபவையும்கூட. கட்டணத்தை மட்டும் எண்ணாக்கிவிட்டு ஆட்களை மறந்தால், பெருக்கலின் விடை 333333333333 என்று வரும். பைத்தான் ‘3’ என்ற எழுத்தைப் பன்னிரண்டு முறை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிழைச் செய்தி வராது என்பதுதான் இதில் ஆபத்து.

இனி, மதிப்புகளை எடுக்கும் முன் பட்டியலின் நீளத்தைச் சோதியுங்கள். நிரலின் பெயரும் கணக்கில் சேரும், ஆகவே 4 இருக்க வேண்டும். இல்லையென்றால், எப்படி இயக்குவது என்ற ஒரு வரியை, நிரலை முடிக்கும் சிஸ் எக்சிட்டுக்குள் (sys.exit) எழுதி நிறுத்திவிடுங்கள். அந்த வரி பிழை வெளியீட்டுக்குப் போகும், நிரலும் 1 என்ற முடிவு எண்ணோடு முடியும். பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டால் வரும் வெறும் இன்டெக்ஸ் எரரைக் (IndexError) காட்டிப் பயனரை விரட்டுவதைவிட இது மரியாதை.

அடுத்து கால்குலேட்டர் பயிற்சி வரும். அங்கே பெருக்கல் குறியாக நட்சத்திரத்தைக் கொடுப்பதென்றால் அதையும் மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் ஷெல் அந்த இடத்தில் ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டிவிடும்.

கட்டளை வரியைத் தானே பிரித்துக் கொடுக்கும் ஆர்க்பார்ஸ் (argparse) பயன்படுத்தச் சொல்லி யாராவது பதில் போடுவார்கள். பைத்தானோடு கூடவே வரும் நல்ல கருவிதான். ஆனால் பட்டியலைக் கையால் பிரித்துப் பழகத்தான் இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறார்கள்; இப்போதைக்கு அது வேண்டாம்.