கெண்டைக்கால் நோகும்போது நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது, பத்து வருடமாக நீரிழிவு. சுன்னாகம் சந்தைக்கு நடந்தால் பாதி வழியில் வலது கெண்டைக்கால் இறுகி நோகிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு, நடவுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மனைவியோ காலை அலட்டாமல் இருக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், மல்லாகம்

பதில்: ஐயா, இந்த முறை வீட்டில் சொன்னதைக் கேட்க வேண்டாம். நின்றவுடன் நோவு விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய துப்பு. நாரியில், அதாவது கீழ்முதுகில், நரம்பு நெரிபட்டு வரும் நோவு பெரும்பாலும் குந்தினால் அல்லது குனிந்தால்தான் குறையும். உங்களுக்கோ காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயான நாடி கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கிறது. நடையால் அந்த அடைப்புக் கரையாது. ஆனால் கிடைக்கிற இரத்தத்தைக் கொண்டு கூடுதலாக வேலை செய்யத் தசை பழகிக்கொள்ளும்.

நடக்கும் விதம்தான் முக்கியம். நோவு எட்டிப்பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் வருபவருடன் கதைக்க மனம் வராத அளவுக்கு நோவு ஏறும்வரை நடவுங்கள். பிறகு நின்று, முழுவதும் விட்டபின் மறுபடி நடவுங்கள். இந்த நோவு காலைப் பழுதாக்காது. ஓய்வையும் சேர்த்து அரை மணி நேரத்தில் தொடங்கி, மெல்ல 45 நிமிடம்வரை கூட்டுங்கள். கிழமைக்கு மூன்று நாள், குறைந்தது 12 கிழமை. எத்தனையாவது மின்கம்பத்தில் நோவு தொடங்கியது என்று கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாம் மாதம் அந்தக் கணக்கைப் பார்க்க உங்களுக்கே ஆசையாக இருக்கும்.

‘சைக்கிளில்தானே திரிகிறேன்’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். சைக்கிள் நல்லதுதான், ஆனால் கெண்டைக்காலுக்கு நடைதான் மருந்து. இருதயமும் ஒருமுறை பரிசோதிக்கப்படட்டும், காலில் ஒடுங்கும் நாடி அங்கும் ஒடுங்கியிருக்கலாம். நடக்கையில் நெஞ்சு நொந்தால் உடனே நிறுத்துங்கள். சுருட்டோ சிகரெட்டோ இருந்தால் இன்றே விடுங்கள். மாத்திரைகளை விடாதீர்கள். நல்லூர்க் கோயிலில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றுவது நீரிழிவுக் காலுக்கு ஆகாது. மணல் சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும்.

இரவில் படுத்திருக்கும்போதே பாதம் நொந்தால், விரலில் புண்ணோ கறுப்போ கண்டால், நடையை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கால் திடீரென்று வெளிறிக் குளிர்ந்து மரத்துப்போனால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.