அப்பத்தா கையில் சுளகைக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்து இடது கை, கால் தளர்ந்துவிட்டது. பிசியோதெரபிக்குப் பிறகு கம்பு ஊன்றி நடக்கிறார். இப்போது ஆக்குபேஷனல் தெரபிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் போட்டிருக்கிறோமே, அப்புறம் இது எதற்கு? இன்னொன்று, இலையில் இடப்பக்கம் வைக்கிற கூட்டு, பொரியலை அவர் தொடுவதே இல்லை.
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பிசியோதெரபி காலுக்குப் பலம் கொடுக்கும். அந்தக் காலோடு அப்பத்தா கொல்லைப்புறம் போய், தானே குளித்து, தானே ரவிக்கை போட்டு வருவதற்கு வழி பண்ணுவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான எங்கள் வேலை.

முதலில் இலை. கூட்டு பிடிக்காமல் அவர் ஒதுக்கவில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்கு மனதில் படாது. பாதிப் பார்வை போனாலும் இப்படி ஆகலாம், டாக்டரிடம் சோதித்துவிடுங்கள். இலையை வலப்பக்கம் நகர்த்திவைத்துப் பிரச்சினையை முடித்துவிடாதீர்கள். இடது ஓரத்தில் சிவப்புத் துணி ஒன்றை வையுங்கள். அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டு, அப்புறம் சாப்பிடட்டும். சாப்பாட்டு நேரம் போக, சுளகில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். இடது கை சுளகின் விளிம்பில் இருக்கட்டும். கத்தியும் அடுப்பும் இப்போதைக்கு வேண்டாம்.

ரவிக்கையில் தளர்ந்த இடது கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அது கடைசி. கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ தைத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆள் கை வைக்கக் கூடாது. (சம்பளம் வாங்குகிறவர் சும்மா நிற்பதைப் பார்க்க உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்!)

உங்கள் ஊர் வளவு வீடுகளில் (நடுவில் முற்றம் வைத்த பெரிய வீடுகள்) எனக்குப் பயம் நிலைப்படிதான். ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில். கைப்பிடியை இரண்டு பக்கமும் அடியுங்கள். போகும்போது வலப்பக்கம் இருப்பது திரும்பும்போது இடப்பக்கமாகிவிடும். துணைக்கு வருபவர் இடப்பக்கம் நின்று இடுப்பைப் பிடிக்கட்டும். இடது கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிவிடும்.

தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது நிலைப்படி, கட்டில், கழிவறை மூன்றின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து, போட்டோவும் எடுத்துப் போங்கள்.