அயர்லாந்தின் டிங்கிள் தீபகற்பத்தில் வழிகாட்டி இல்லாமல் நாமாகவே நடந்து செல்லும் விடுமுறை எப்படி இருக்கும்? ஐம்பதைத் தாண்டிய, மலையேறிப் பழக்கமில்லாத தம்பதியால் முடியுமா?

முடியும். ஆனால் எட்டு நாள் வழியில் ஒரு நாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து யோசிக்க வேண்டும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் பணி நிமித்தமாகக் கார்க் நகரில் வசிக்கிறேன். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் என் மனைவியும் நானும் டிங்கிள் வே என்னும் இந்தப் பாதையில் நடந்தோம். அப்போது எனக்கு 52 வயது. அதற்கு முன் நான் நடந்த அதிகபட்சத் தூரம் என்று சொன்னால், பூங்காவில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர்தான்.

கெர்ரி மாவட்டத்தின் ட்ரலீ நகரில் தொடங்கி, தீபகற்பத்தைச் சுற்றிவிட்டு அதே ட்ரலீக்குத் திரும்பும் வட்டப்பாதை இது. எந்தக் கிளைவழியைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 160 முதல் 180 கிலோமீட்டர் வரை வரும். பெரும்பாலானோர் எட்டு நாளில் முடிக்கிறார்கள். டப்ளினிலிருந்து ட்ரலீக்கு ரயில் உண்டு. நான்கு மணி நேரப் பயணம். முதல் நாள் நடையான ட்ரலீ முதல் கேம்ப் வரையிலான பகுதியைப் பேருந்தில் கடந்துவிட்டு, கேம்ப் என்ற சிற்றூரிலிருந்து நடையைத் தொடங்குபவர்களும் பலர். அதில் குற்றவுணர்வு எதுவும் தேவையில்லை.

வழிகாட்டி இல்லாத நடை என்றாலும் நாம் முற்றிலும் தனித்து விடப்படுவதில்லை. ஏற்பாட்டு நிறுவனம் ஒவ்வோர் ஊரிலும் பி அண்ட் பி எனப்படும் வீட்டு விடுதிகளில் அறை பதிவு செய்து, வரைபடமும் வழிக்குறிப்பும் தந்து, காலையில் நாம் விட்டுச் செல்லும் பெட்டியை மாலைக்குள் அடுத்த விடுதியில் சேர்த்துவிடுகிறது. பகலில் நம் முதுகில் இருப்பது தண்ணீர், மதிய உணவு, மழைக்கோட்டு ஆகியவை மட்டுமே. பாதையெங்கும் நடக்கும் மனித உருவமும் அம்புக்குறியும் மஞ்சள் நிறத்தில் பொறித்த கறுப்புக் கம்பங்கள் நிற்கின்றன. எங்கள் பெட்டி ஒருமுறை கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொரு விடுதிக்குப் போய்விட்டு, இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரை அதற்குள் இருந்தது. ஆகவே மருந்துகளை எப்போதும் முதுகுப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ப்பிலிருந்து பாதை தீபகற்பத்தின் தென்கரைக்கு இறங்குகிறது. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் இன்ச் மணல்திட்டை மேலிருந்து பார்த்தபடியே அனஸ்கால் என்ற ஊரை அடையலாம். அண்டார்க்டிகப் பயணி டாம் க்ரீன் 1877இல் பிறந்தது இவ்வூரை அடுத்த பகுதியில்தான். 1912இல், உயிருக்குப் போராடிய தன் குழுவின் அதிகாரியைக் காப்பாற்ற உதவி தேடி, மூன்று பிஸ்கட்டும் இரண்டு துண்டுச் சாக்லேட்டும் மட்டும் கையிலிருக்க, சுமார் 56 கிலோமீட்டர் பனிவெளியைப் பதினெட்டு மணி நேரத்தில் தன்னந்தனியாக நடந்து கடந்தவர் அவர். ஊர் திரும்பி அவர் நடத்திய 'சவுத் போல் இன்' என்னும் மதுக்கடை இன்றும் திறந்திருக்கிறது. பதினேழு கிலோமீட்டர் நடந்துவிட்டுக் கால் வலிக்கிறது என்று அங்கே போய் உட்காரச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

டிங்கிள் நகரைத் தாண்டியதும் அரசே ஐரிஷ் மொழிப் பகுதியாக அறிவித்த நிலத்துக்குள் நாம் ஆழமாகச் சென்றுவிடுகிறோம். அங்கே சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் ஐரிஷ் மொழியில் மட்டுமே இருக்கும். டன்குவின் என்று நீங்கள் தேடும் ஊர், பலகையில் டூன் க்வீன் என்று நிற்கும். டிங்கிளுக்கே டாங்கன் ஈ கூஷ் என்று பெயர். தங்கப்போகும் ஊர்களின் ஐரிஷ் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் வழி கேட்கவும் பலகை படிக்கவும் எளிதாக இருக்கும்.

வென்ட்ரியிலிருந்து டன்குவின் செல்லும் நாளில் அவசரப்படாதீர்கள். வாகனங்கள் ஊர்ந்து செல்லும் ஸ்லே ஹெட் சாலைக்கு மேலே, ஈகிள் மலைச் சரிவில், கல் சுவர்களுக்கும் ஆடுகளுக்கும் இடையே பாதை போகிறது. சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக உள்நோக்கி அடுக்கி, தேன்கூடு போல் குவித்துக் கட்டிய பழைய குடில்கள் அச்சரிவில் சிதறிக் கிடக்கின்றன. திருப்பத்தைக் கடந்ததும் பிளாஸ்கெட் தீவுகள் மொத்தமாகக் கண்முன் வருகின்றன. பெரிய பிளாஸ்கெட்டில் 1947இல் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, புயலின் காரணமாக மருத்துவர் தீவை அடைய இயலாமல் அவர் இறந்துபோனார். இளையவர்கள் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்ட நிலையில், எஞ்சியிருந்த 22 பேரை அரசு 1953 நவம்பரில் கரைக்குக் கொண்டுவந்தது. கரைக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கடல் சில கிலோமீட்டர்தான் என்பதை அந்த இடத்தில் நின்று பார்க்கும்போதுதான், இங்கே வானிலை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்கு உறைத்தது.

இனி அந்த ஒரு நாள். ஃபியோஹனாவிலிருந்து க்ளாஹேன் ஊருக்குச் செல்லும் பாதை, 952 மீட்டர் உயரமுள்ள பிராண்டன் மலையின் வடதோளைக் கடக்கிறது. மலையுச்சிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கடல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் வரை ஏறி, மறுபுறம் செங்குத்தான, சேறும் வழுக்கலுமான சரிவில் இறங்க வேண்டும். நடுவில் கடையோ வீடோ சாலையோ கிடையாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டிக்கொள்ளும் பெரிய தடைகளில் இம்மலையும் ஒன்று என்பதால், கீழே வெயில் அடிக்கும்போதே மேலே முகில் மூடிவிடும். 1940க்கும் 1943க்கும் இடையில் ஜெர்மானிய விமானம் உட்படப் பல விமானங்கள் இம்மலையில் மோதி விழுந்தன.

நாங்கள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பிராண்டன் சிற்றோடைத் துறையைக் கடந்தபோது வானம் தெளிவாகவே இருந்தது. ஆறாம் நூற்றாண்டு ஐரிஷ் துறவியான புனித பிரெண்டன் அட்லாண்டிக்கைக் கடக்கக் கடலோடிச் சென்றதாகச் சொல்லப்படும் துறை அது. 1976இல் அக்கதையைச் சோதிக்கத் தோல் படகில் கிளம்பிய குழுவும் இங்கிருந்துதான் புறப்பட்டது. நானூறு மீட்டர் உயரத்தை எட்டியபோது முகில் இறங்கியது. ஒரு கம்பத்தருகே நின்றால் அடுத்த கம்பம் தெரியவில்லை. என் மனைவியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் முன்னே சென்று கம்பத்தைத் தேடி, குரல் கொடுத்து அவரை வரவழைப்பது என்று இரண்டு முறை செய்தோம். மூன்றாவது முறை நான் குரல் கொடுத்தபோது, பதில் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். இரண்டு நாள் முன்பே பணம் கட்டிய விடுதி மறுபுறம் இருக்கிறது, பெட்டி போய்விட்டது, இதுவரை ஏறியது வீண் என்றெல்லாம் என் மனம் வாதிட்டது. அந்த வாதத்தைக் கேட்டு மேலே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது.

இறங்கி வந்து விடுதி அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். சற்றும் வியப்பில்லாமல், டாக்சி அனுப்புவதாகச் சொன்னார். கோனர் கணவாய் வழியாக, மதியத்துக்குள் க்ளாஹேன் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழிகாட்டியோடு போயிருந்தால் திரும்பும் முடிவை அவர் எடுத்திருப்பார். அவரை நாம் மனத்துக்குள் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இவ்வகை விடுமுறையில் படுக்கை, பெட்டி, வரைபடம் எல்லாவற்றையும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளலாம், அந்த முடிவை மட்டும் முடியாது. நீங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன்பே, எந்த நிலையில் திரும்புவோம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரும்பலாம் என்றால் மற்றவர் மறுப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் அன்று முதல் விதி. அவசர உதவிக்கு 112 அல்லது 999. அழைப்பவர் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு பகுதியை மட்டும் நடப்பதற்காக அடுத்த ஆண்டு ஜூனில் மீண்டும் போனோம். கணவாயில் ஓகம் எழுத்துப் பொறித்த கல் ஒன்று நிற்கிறது. கல்லின் விளிம்பையே அச்சாகக் கொண்டு குறுக்குக் கோடுகளாக வெட்டி, கீழிருந்து மேலாகப் படிக்கும் பழைய ஐரிஷ் எழுத்து அது; கோமோகனின் மகனான ரோனான் என்ற கிறிஸ்தவப் பாதிரியாரின் பெயர் அதில் இருக்கிறது. முந்தைய ஆண்டு முகிலில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த கம்பங்கள் அன்று அடுக்கடுக்காகக் கண்ணுக்குத் தெரிந்தன.

க்ளாஹேனிலிருந்து காஸில்கிரெகரி வரை பெரும்பகுதி மணற்கரை, சமதளம். ஆனால் 25 கிலோமீட்டருக்கு மேல் வருவதால் மலையைவிட அதிகமாகக் கால் நோகும்.

உணவைப் பொறுத்தவரை, சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் கஞ்சி, முட்டை, சோடா ரொட்டி கிடைக்கும். தட்டில் வரும் பிளாக் புட்டிங் என்பது இரத்தம் சேர்த்தது, ஒயிட் புட்டிங் பன்றியிறைச்சி. டிங்கிளைத் தாண்டினால் கடைகள் அரிது, மதிய உணவைக் காலையிலேயே கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். நீர் புகாத பூட்ஸைப் புதிதாக வாங்கி நேரே இங்கே கொண்டுவராமல் ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். பாதை பல இடங்களில் உழவர்களின் சொந்த நிலத்தில், அவர்களின் அனுமதியால் மட்டுமே செல்கிறது. ஆகவே மூடியிருந்த கதவை மூடிவிட்டே போக வேண்டும், நாயை அழைத்துச் செல்லக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா இங்கே செல்லாது, அயர்லாந்து விசாவைத் தனியாகப் பெற வேண்டும்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்லும் திட்டம் இது: மே பிற்பகுதி அல்லது ஜூன்; இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் மெதுவாக நடக்கலாம். கேம்ப்பில் தொடங்கி ஃபியோஹனா வரை நடந்து செல்லுங்கள். நடுவே டிங்கிளில் ஓய்வுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். பிராண்டன் நாளுக்கு டாக்சி எண்ணை முந்தைய இரவே வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் விடுதிக்காரரிடம் மலையைக் காட்டிக் கேளுங்கள். அவர் தயங்கினால் டாக்சியில் ஏறுங்கள்.