வளையக் காந்தம் மிதக்காமல் ஒட்டிக்கொண்டால்

மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காகப் பென்சிலில் கோத்த இரண்டு வளையக் காந்தங்களும் மிதக்காமல் ஒட்டிக்கொள்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். காந்தத்தில் கோளாறு இல்லை. மேல் வளையத்தை மட்டும் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும்.

சட்டக் காந்தத்தில் துருவங்கள் இரண்டு முனைகளில் இருக்கும். இந்தக் கறுப்பு வளையங்களில் அவை தட்டையான இரண்டு முகங்களில் இருக்கின்றன. வடக்கும் தெற்கும் எதிரெதிரே வந்தால் ஒட்டும். ஒரே துருவங்கள் வந்தால் விலக்கும். திருப்பிப் போட்டதும் மேல் வளையத்தை விரலால் மெல்ல அமுக்கினால் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலை அவள் தன் விரலிலேயே உணரவேண்டும், இதில் அருமையான இடமே அதுதான்.

துருவத்தை அடையாளம் காண ஒரு திசைகாட்டி போதும். ஊசியின் வடமுனையை இழுக்கிற முகம் தென்துருவம். அதில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். திசைகாட்டியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள், மிகவும் கிட்டே போனால் ஊசியின் காந்தமே மாறிவிடலாம்.

அப்புறம், பென்சிலை உருவிவிட்டு மிதக்கவைக்க முயல வேண்டாம். மேல் வளையம் பக்கவாட்டில் நழுவி, புரண்டு ஒட்டிக்கொள்ளும். அசையாத நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து அப்படி நிலையாக நிறுத்த முடியாது என்பது ஆங்கிலேய அறிவியலாளர் எர்ன்ஷா 1842-இல் தந்த தேற்றத்திலிருந்தே வருகிறது. வளையங்களைக் கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள், பீங்கான் போல உடையும்.