மருத்துவத்தை அரசு தர வேண்டுமா, தனியார் நிறுவனங்களிடம் விட வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் வீட்டில் இன்னும் யாரும் ஸ்ட்ரெச்சரில் போனதில்லை என்று நினைக்கிறேன். போயிருந்தால், "போட்டி இருந்தால் தரம் கூடும், விலை குறையும், தனியாரிடமே விட்டால் என்ன?" என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. நானும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்தான்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது இரவு பதினொன்றரை மணி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ பார்க்க உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை உடுப்போடு டாக்டர் கதவைப் பாதி திறந்து நின்றார். ஒரு ரத்தக்குழாயில் முழு அடைப்பு, இன்னொன்றில் பாதி, இரண்டுக்கும் சேர்த்தே ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்துவிடலாமா என்றார். அவர் தோளுக்குப் பின்னால் அப்பாவின் பாதம் மட்டும் தெரிந்தது. நர்ஸ் நான்கு பக்கப் படிவத்தை அட்டையில் செருகி, பேனா மூடியைக் கழற்றியே நீட்டினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் எந்தப் போட்டி எனக்கு உதவியிருக்கும்? இன்னொரு மருத்துவமனையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் அந்த ஆஞ்சியோ பதிவு இருந்த சிடியைப் பார்த்தார். முதல் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றியது, இரண்டாவதற்கு மருந்தே போதுமாக இருந்திருக்கலாம் என்றார். யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை உறுத்துவதே அதுதான். கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1963-லேயே இதை எழுதிவிட்டார். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் என்ன தேவை என்பது வாங்குகிறவரைவிட விற்கிறவருக்கே தெரியும், அதனால் மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போல நடக்காது என்று.

உடனே "அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாயா?" என்று சண்டைக்கு வராதீர்கள். போயிருக்கிறேன். தம்பியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம், அவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். அப்பாவைக் கவனித்த தனியார் மருத்துவமனை நர்ஸ்களை மறக்கவும் மாட்டேன். அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்திலும் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கரில் வீடியோ ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு மனிதர் வலியில் தூங்க முயல்கிறார் என்பது எப்படித் தெரியாமல் போகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கதவருகில் என்னால் முடியாததை முன்கூட்டியே யாராவது செய்திருக்க வேண்டும். விலை பேசுவது, எது தேவை என்று விதி வைப்பது, நடந்ததைச் சரிபார்ப்பது, இதெல்லாம் அரசின் வேலை. கட்டிடம் யாருடையது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பிரிட்டனில் 1948-ல் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை தொடங்கியபோது குடும்ப டாக்டர்கள் அரசு ஊழியர்களாகவில்லை, ஒப்பந்தத்தில்தான் சேர்ந்தார்கள். ஆனாலும் நோயாளி அவர்களுக்கு ஃபீஸ் கொடுப்பதில்லை. எந்தச் சிகிச்சை கொடுத்த காசுக்குப் பலன் தருகிறது என்று பார்த்துச் சொல்ல 1999-ல் நைஸ் என்ற அமைப்பையும் வைத்தார்கள். கனடாவில் பெரும்பாலான டாக்டர்கள் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள், பில் மட்டும் மாகாண அரசுக்குப் போகிறது. நெதர்லாந்தில் 2006 முதல் காப்பீடு தருவது தனியார் நிறுவனங்கள்தான், ஆனால் நோயைக் காரணம் காட்டி யாருக்கும் அடிப்படைக் காப்பீட்டை மறுக்க முடியாது. தனியாரை இவ்வளவு நம்பும் அமெரிக்காவிலேயே, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-ல் சட்டம் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது ஸ்டென்ட் விஷயத்தை அப்பாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அந்த டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தால், "எனக்கு உயிர் கொடுத்தவர்" என்றுதான் அவர் சொல்கிறார்.